மனைப்பிரிவு அனுமதியில் பொது சுகாதாரத்தை எந்த இடத்தில் கேட்பது?

வார்டு_ஒன்பது:
எங்கள் நகராட்சியின் முழுமைத் திட்ட (மாஸ்டர் பிளான்) வரைவு மக்கள் கருத்துக்கு வந்திருக்கிறது. அதில் சுகாதாரம் என்றால் மருத்துவமனைக்கான இடம், அவ்வளவுதான். பாதாளச் சாக்கடை வராத ஊர், வயலெல்லாம் மனையாகிக்கொண்டிருக்கிறது. வயிற்றுப்போக்கும் டெங்கும் ஆண்டுதோறும் வருகின்றன. பொத்தாம்பொதுவாக மனு எழுதினால் கோப்போடு போய்விடும். குறிப்பாக எதைக் கேட்பது?

மண்ணும்நீரும்:
கட்டட அனுமதியில் கேட்டால் காலம் கடந்துவிடும். மனைப்பிரிவு வரைபடத்திலேயே கேளுங்கள். காரணம் எளிய கணக்குதான். செப்டிக் டேங்க் கழிவுநீரை மண்ணில் இறக்கும் உறிஞ்சுகுழிக்கும் குடிநீர் எடுக்கும் கிணறு, போர்வெல்லுக்கும் நடுவே 18 மீட்டராவது வேண்டும் என்கிறது செப்டிக் டேங்குக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 2470. முப்பதுக்கு நாற்பது அடி மனையில் மூலைக்கு மூலை அளந்தாலே 50 அடி, அதாவது 15.2 மீட்டர்தான். ஒரு மூலையில் போர், எதிர்மூலையில் குழி என்று வைத்தாலும் விதி நிற்காது. பக்கத்து வீட்டுக் குழி இன்னும் கிட்டத்தில் இருக்கும். இதற்கு வீட்டுக்காரர் மேல் பழி போடுவது அநியாயம். தவறு வரைபடத்தில் இருக்கிறது.

ஆகவே இப்படி எழுதுங்கள்: பாதாளச் சாக்கடை எட்டாத இடத்தில் பொதுக் குடிநீர்க் குழாய் வேண்டும், அல்லது எல்லா வீட்டுக் கழிவுநீரையும் தாழ்ந்த மூலைக்குக் கொண்டுபோகும் குழாயும், அங்கே சுத்திகரிப்புக்குத் தனி நிலமும் வேண்டும். இரண்டும் இல்லாத மனைப்பிரிவுக்கு அனுமதி கூடாது. அந்த நிலத்தைப் பூங்காவுக்கான 10% பொது ஒதுக்கிடத்தில் கழிக்கக் கூடாது என்பதையும் சேருங்கள். 3,000 சதுர மீட்டர் வரை அந்த ஒதுக்கிடம் கட்டாயமில்லை என்பதால் ஒரே நிலத்தைத் துண்டு போட்டுக் கொண்டுவருவார்கள். அடுத்தடுத்த துண்டுகளைச் சேர்த்தே பரிசீலிக்க வேண்டும்.

கல்லணை_பொறியாளர்:
சரிதான், ஆனால் 18 மீட்டரை மட்டும் நம்பிவிடாதீர்கள். வெடிப்புள்ள பாறையில் கழிவுநீர் அதைத் தாண்டியும் ஓடும். கரிசலில் இறங்கவே இறங்காது. குழி நிரம்பி, கடைசியில் யாரோ மழைநீர் வடிகாலில் குழாயைச் செருகிவிடுவார்கள். மனைப்பிரிவு விண்ணப்பத்தோடு நீர் ஊடுருவல் சோதனை முடிவைக் கட்டாயமாக்கச் சொல்லுங்கள்.

குழி எந்த ஆழத்தில் வருமோ அந்த ஆழத்துக்குத் துளை தோண்டி, அடியில் 5 செ.மீ. சரளை போட்டு, நீர் நிரப்பி இரவு முழுக்க ஊறவிட வேண்டும். மறுநாள் 15 செ.மீ. நீர் நிறுத்தி, இறங்குவதை அளக்க வேண்டும். 25 மி.மீ. இறங்க 30 நிமிடத்துக்கு மேல் ஆனால் அந்த மண்ணில் உறிஞ்சுகுழியே வேண்டாம். ஊறவிடாமல் சித்திரை வெயிலில் அளந்தால் எந்த மண்ணும் தேறிவிடும். அதனால் ஊறவைத்த நாள், நேரம், நிலத்தடி நீர்மட்டம் மூன்றும் அறிக்கையில் இருக்கட்டும்.

கொசுப்புழு:
டெங்கு பக்கம் யாரும் தொடவில்லையே. 1939 பொது சுகாதாரச் சட்டத்துல கொசுவுக்குன்னே தனி அத்தியாயம் இருக்கு. ஆனா நடைமுறையில அது புழுவைக் கண்டபிறகு நோட்டீஸ் கொடுக்கத்தான் உதவுது. கட்டும்போதே தடுக்கணும்னா மூணு இடம் பாருங்க: மேல்நிலைத் தொட்டிக்கு இறுக்கமான மூடி, நிரம்பி வழியும் குழாய்க்கு வலை, செப்டிக் டேங்க் காற்றுக்குழாய் வாயில வலை. முதல் ரெண்டும் டெங்குக் கொசுவுக்கு, நகர மலேரியா பரப்புற ஸ்டீபன்சிக்கும் சேர்த்து. மூணாவது சாக்கடைத் தண்ணியில வளர்ற கியூலெக்ஸ் கொசுவுக்கு.

சின்ன வீடுகளுக்குக் கட்டட நிறைவுச் சான்று கட்டாயமில்ல, அதனால அங்க சோதனை வைக்கிறதுல பயனில்ல. சொத்து வரி போட அளக்க வர்ற அன்னைக்கே சுகாதார ஆய்வாளரும் பார்க்கணும்னு கேளுங்க.

வடிகாலோட அடிப்பகுதி எந்த உயரத்துல இருக்குங்கிற அளவு தெருத்தெருவாவும், போய்ச் சேர்ற வாய்க்காலோட மட்டமும் வரைபடத்துல வேணும். மனைப்பிரிவு மதில்சுவரோட முடியுற வடிகால் தண்ணியைத் தேக்கத்தான் செய்யும்.

வார்டு_ஒன்பது:
மிக்க நன்றி. ஊடுருவல் சோதனையை மனை போடுபவரே செய்துகொடுத்தால் போதுமா?

கல்லணை_பொறியாளர்:
போதாது. நகராட்சிப் பொறியாளரும் சுகாதார ஆய்வாளரும் நேரில் நின்று கையெழுத்திட வேண்டும். அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் கொண்டுவந்த 12ஆவது அட்டவணையில் நகரத் திட்டமிடல், பொது சுகாதாரம் இரண்டும் நகராட்சிப் பணிகள்தான். அதை மனுவின் முதல் வரியாகவே வையுங்கள். எந்த சர்வே எண்களில் சாக்கடை எட்டவில்லை என்ற பட்டியலையும் இணைத்து, அறிவிப்பில் உள்ள கெடுவுக்குள் கொடுத்து ஒப்புகை வாங்கிவிடுங்கள்.