சிட்டிங் புல் எந்தத் தமிழில் பேசணும்?

அமெரிக்கப் பூர்வகுடிகளான லகோட்டா மக்களோட தலைவர் சிட்டிங் புல் பற்றி நான் எழுதுற சரித்திர நாவல் மூணு மாசமா ஒரே காட்சியில நிக்குது. அமெரிக்க ராணுவத்தோட நடந்த 1876 லிட்டில் பிக்ஹார்ன் போர், 1877ல கனடா போனது, அங்க எருமைக்கூட்டம் அருகி வந்த பட்டினி வரை முடிச்சிட்டேன்.

சிக்கல் 1881 ஜூலை, டகோட்டாவின் ஃபோர்ட் புஃபோர்ட் ராணுவக் கோட்டை. சரணடையும்போது தன் வின்செஸ்டர் துப்பாக்கியை சின்ன மகன் க்ரோ ஃபுட் கையாலதான் அதிகாரிகிட்ட கொடுக்க வைக்கிறார். அந்தப் பிஞ்சுக் கையும் துப்பாக்கியோட கனமும்தான் எனக்கு நாவலே.

அவர் வாயைத் திறந்ததும் காட்சி கெட்டுப்போகுது. செந்தமிழ்ல சோழ ராஜாவா தெரியறார். வட்டார வழக்குல லகோட்டா மண்ணே காணோம். பேசவிடாம விட்டா மனசு உடைஞ்சவர் மாதிரி இருக்கு. அவர் அப்படிப்பட்டவர் இல்லை. மகன் பார்வையில சொல்லியும் ஒட்டலை.

மொழிபெயர்ப்பு, சரித்திரக் கதை எழுதுறவங்க சொல்லுங்க: இவருக்கு எந்தத் தமிழ் பொருந்தும்?