மகளுக்கு ஸ்டாண்ட்பை நாள்: பாம்பனுக்கு வந்து போகலாமா?

பாம்பன் படகுக்காரர்:
முப்பது ஆண்டு விசைப்படகு ஓட்டியவன் நான். மகள் சென்னையில் ஏர்பஸ் 320 துணை விமானி. அவளுடைய மாதப் பணிப்பட்டியலில் நாலைந்து நாள் 'ஸ்டாண்ட்பை' என்று போட்டிருக்கிறார்கள்; கூப்பிட்டால் உடனே கிளம்பத் தயாராகக் காத்திருக்கும் நாளாம். போன மாதம் அப்படி ஒரு நாளில் அவள் வீட்டில் இருந்தேன். அதிகாலை நான்கு முதல் பிற்பகல் இரண்டு வரை. சீருடை கதவில் தொங்குகிறது, பெட்டி வாசலில் நிற்கிறது. குளிக்கப் போகும்போது கைப்பேசியை என்னிடம் கொடுத்து, "மணி அடித்தால் கதவைத் தட்டுங்கள் அப்பா" என்றாள். காவல் நின்றேன். கடைசிவரை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் 90 நிமிடத்தில் விமான நிலையத்தில் இருக்க வேண்டுமாம்.

காற்று எச்சரிக்கை வந்தால் எங்களுக்கும் கடலுக்குப் போக மீன்துறை டோக்கன் தராது. ஐஸ் ஏற்றி, டீசல் பிடித்துவிட்டுக் கரையில் குந்தியிருப்போம். அது காற்றுக்காக. இது யாருக்காக? அந்த நாளில் ஊருக்கு வந்துவிட்டுப் போனால் என்ன? ஆவணியில் பேரனுக்குக் காதுகுத்து வைத்திருக்கிறோம்.

கீழக்கரையான்:
வரவே முடியாது அண்ணே. விமானிகளின் பணிப்பட்டியல் போடும் பிரிவில் பதினோரு ஆண்டு இருந்தேன். டெல்லியில் பனிமூட்டம் என்று காலை விமானம் நான்கு மணி நேரம் தாமதமாகும். அதன் விமானிகளுக்கு அன்றைய வேலை நேர வரம்பு தீர்ந்துபோகும். அல்லது ஒருவருக்குக் காய்ச்சல். அப்போதுதான் நாங்கள் போனை எடுப்போம். கையில் கிடைத்தவரை ஏற்றிவிட முடியாது. கேப்டன் இடத்துக்குக் கேப்டன், துணை விமானி இடத்துக்குத் துணை விமானி, அதுவும் அதே ரக விமானத்தில் தகுதி உள்ளவர். ஏடிஆர் என்ற சிறிய விமானத்தை ஓட்டுபவரை 320இல் உட்கார வைக்க முடியாதே.

கூப்பிடாவிட்டாலும் அது வேலை நாள்தான். நீங்கள் கேட்க வேண்டியது வார ஓய்வு. 2025 ஜூலை 1 முதல் அது 36 மணி நேரத்திலிருந்து 48 ஆகிவிட்டது. பட்டியல் வெளியாவதற்கு முன்பே அந்தத் தேதியைக் கேட்டு வைக்கச் சொல்லுங்கள். வெளியான பிறகு அழுது பயனில்லை.

தொண்டி மாப்பிள்ளை:
நான் அமெரிக்காவில் விமானம் ஓட்டுகிறேன் ஐயா. இங்கே ஸ்டாண்ட்பையைக் குறுகிய அழைப்பு, நீண்ட அழைப்பு என்று பிரித்திருக்கிறார்கள். குறுகியதில் தொடர்ந்து 14 மணி நேரத்துக்கு மேல் காக்க வைக்க முடியாது. நீண்டதில் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள், சொந்த ஊரிலேயே இருக்கலாம். விமான நிலையத்திலேயே உட்கார வைத்தால் உட்கார்ந்த நேரமும் பணி நேரக் கணக்கில் சேரும். யாருக்கு எது என்பது பணிமூப்பைப் பொறுத்தது. புதிதாகச் சேர்ந்த நாங்கள் ஆறு பேர் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, முறைவைத்துத் தூங்கினோம். குறட்டை விடுபவருக்குச் சமையலறைத் தரை.

தேவிபட்டினம் அக்கா:
ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளை இருமுகிறாள் என்று அரிஷ்டம் ஊற்றிக் கொடுத்துவிடாதீர்கள். அதில் சாராயச் சத்து உண்டு. பணிக்கு முன் ஊதிப் பார்க்கும் கருவி, குடித்தது மருந்தா மதுவா என்று கேட்டுக்கொண்டிருக்காது.

பாம்பன் படகுக்காரர்:
நல்லவேளை சொன்னீர்கள். போன தடவை அரைப் புட்டி கட்டிக்கொடுத்தேன். ஏன் தொடவில்லை என்று கோபித்துக்கொண்டேன்.

48 மணி நேரத்தில் போக வர ரயிலிலேயே இருபதுக்கு மேல் போய்விடும். வீட்டில் ஒரு பகல் கிடைக்கும், போதும். பூசாரியிடம் இரண்டு முகூர்த்தம் குறித்துத் தரச் சொல்லியிருக்கிறேன். அவளுடைய பட்டியல் வரட்டும், அதற்குப் பிறகு பத்திரிகை அடிக்கலாம்.