மாமாவுக்கு ஸ்டென்ட் வைத்தாயிற்று, கருவாட்டுக் குழம்பை என்ன செய்வது?

முதுநகர் மருமகள்:
மாமாவுக்கு வயது 66. போன மாதம் ஆஞ்சியோ செய்து, இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஒரு ஸ்டென்ட் (குழாயை விரித்து வைக்கிற சின்ன வலைக்குழாய்) வைத்து அனுப்பினார்கள். உப்பு, எண்ணெய், தேங்காய் மூன்றையும் குறைக்கச் சொன்னார்கள். எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் வீடு கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் பக்கம். மீன் வாசனை இல்லாத நாள் என்றால் அது அமாவாசையும் கிருத்திகையும்தான். மாமாவுக்கு மட்டும் உப்பில்லாமல் தனியாக ஒரு குழம்பு வைத்தேன். ஒரு வாய் வைத்துவிட்டு, "ஏம்மா, இதைத் தின்னுதான் பிழைக்கணுமா?" என்றார். அன்றிலிருந்து ஊறுகாய் பாட்டில் வைத்த இடத்தில் இருப்பதில்லை. கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்தால் உப்பு போய்விடும் என்கிறார்களே, உண்மையா?

மஞ்சக்குப்பம் அக்கா:
தங்கச்சி, முதலில் அந்தத் தனிக் குழம்பை நிறுத்து. என் வீட்டுக்காரருக்கு அட்டாக் வந்து 9 வருஷம் ஆகிறது. ஆறு மாதம் நானும் இரண்டு சட்டி வைத்தேன். அவர் தன் தட்டைப் பார்க்கவே மாட்டார், பிள்ளைகள் தட்டையே பார்ப்பார். இப்போது எல்லாருக்கும் ஒரே சட்டிதான்.

உப்பு தலைக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு டீஸ்பூன் என்று வைத்துக்கொள். இதை அடுப்படியில் நின்று யார் அளப்பது? நான் உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கிற அன்றைக்கு அதன் மேல் தேதி எழுதிவிடுவேன். நாலு பேர் வீட்டில் ஒரு கிலோ 50 நாளாவது வர வேண்டும். எங்கள் வீட்டில் முதல் பாக்கெட் 23 நாளில் காலி! குழம்புக்குக் குறைத்துத்தானே போட்டோம் என்று யோசித்தால், இட்லி மாவில் உப்பு, சட்னியில் உப்பு, பொடியில் உப்பு. ஒரே இட்லிக்கு மூன்று தடவை. இப்போது மாவுக்குப் பாதி, சட்னிக்கு ஒரு சிட்டிகை, பொடிக்குக் கிடையவே கிடையாது. ஒரேயடியாகக் குறைக்காதே, வாரா வாரம் கொஞ்சம் குறை. நாக்கு பழகிவிடும்.

மீன் குழம்புக்கு வடகம் தாளிப்பீர்கள் இல்லையா? அதிலும் உப்பு இருக்கிறது. வடகத்தைத் தாளித்துக் கொட்டி, ருசி பார்த்த பிறகு உப்பு டப்பாவைத் தொடு. மாங்காய் கிடைக்கிற நாளில் இரண்டு துண்டு போட்டால் புளிப்பே பாதி உப்பின் வேலையைச் செய்யும். அரை மூடி தேங்காய் அரைக்கிற இடத்தில் இரண்டு ஸ்பூன் தேங்காயும், வதக்கிய சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடியும் சேர்த்து அரை. குழம்பு நீர்த்துப் போகாது.

கருவாட்டை ஊறவைத்தால் மேலுப்பு போகும், உள்ளே ஏறினது முழுசாகப் போகாது. அதற்குப் பதில் மத்தி, கானாங்கெளுத்தி வாங்கு. இதயத்துக்கு நல்ல கொழுப்பு அதில்தான் இருக்கிறது, வஞ்சிரத்தை விட விலையும் குறைவு. எண்ணெயில் பொரிக்காமல் வாழையிலையில் சுற்றி தோசைக்கல்லில் போடு. ஆசை தாங்கவில்லையென்றால் கத்தரிக்காய், மொச்சைக் குழம்பில் வாசனைக்கு ஒரே ஒரு துண்டு கருவாடு, வேறு உப்பே போடாமல், மாதத்தில் ஒரு நாள். எங்கள் டாக்டரிடம் இதை இன்னும் சொல்லவில்லை!

வார்டு நர்ஸ், புதுச்சேரி:
அக்கா சொன்னது சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். கடையில் சோடியம் குறைந்த உப்பு என்று விற்பார்கள். அதில் பொட்டாசியம் இருக்கும். சில பிரஷர் மாத்திரைகளோடு சேர்ந்தாலும், சிறுநீரகம் சரியில்லாவிட்டாலும் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிடும், அது இதயத்துக்கே ஆபத்து. டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். இதயத்தின் பம்பிங் குறைவு, தண்ணீரை அளந்து குடியுங்கள் என்று சொல்லியிருந்தால் ரசம், மோர், கஞ்சி எல்லாமே அந்தக் கணக்கில்தான் வரும்.

பண்ருட்டிக்காரன்:
முந்திரியைப் பற்றி யாரும் பேசாதவரை எனக்குச் சந்தோஷம்.

வார்டு நர்ஸ், புதுச்சேரி:
உப்பு போட்டு வறுக்காத முந்திரி நாலைந்து சாப்பிடலாம். உங்கள் ஊர்க்காரர்கள் நாலைந்தோடு நிறுத்துவீர்களா என்பதுதான் சந்தேகம்.

முதுநகர் மருமகள்:
அக்கா, இன்றைக்கு மத்தி வாங்கி மாங்காய் போட்டு எல்லாருக்கும் ஒரே சட்டியில் வைத்தேன். மாமா ஒன்றும் சொல்லாமல் இரண்டாவது தடவை சோறு கேட்டார். அத்தைதான் உப்பு பத்தவில்லை என்று முணுமுணுத்தார். உப்புப் பாக்கெட்டில் தேதி எழுதியதைப் பார்த்துவிட்டு, "என்ன, இதுக்கும் எக்ஸ்பைரியா?" என்று மாமா கேட்டார். ஊறுகாய் பாட்டிலை மட்டும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.