ஹாலோவீன் பார்ட்டிக்கு யோசனை வேணும்

வணக்கம் மக்களே. நியூஜெர்சியில எங்க வீட்டு பேஸ்மென்ட்ல வருஷா வருஷம் ஹாலோவீன் மாறுவேஷப் பார்ட்டி வைக்கிறோம். ஸ்பைடர்மேன் டிரஸ்ஸைக் கழட்டவே மாட்டேன்னு அழுத வாண்டுங்க எல்லாம் இப்ப ஹைஸ்கூல். வேஷம்னாலே முகத்தைச் சுளிக்குதுங்க. பெரியவங்களோ தலையில ஒரு சூனியக்காரி தொப்பியை மாட்டிக்கிட்டு நேரா பிரியாணிப் பக்கம் போயிடறாங்க!

2026-ல அக்டோபர் 31 சனிக்கிழமை. அன்னிக்கு ராத்திரியே இங்க கோடை கால நேரம் முடிஞ்சு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால வைக்கணும், ராத்திரி ஒரு மணி நேரம் கூடுதலா கிடைக்கும், அதனால கூட்டம் லேசுல கலையாது. டீனேஜ் பசங்களுக்கு என்ன விளையாட்டு வைக்கலாம்?

இன்னொண்ணு, எங்க வீட்டுக்காரர் இந்த தடவை விக்கிரமாதித்தன். பழைய வேட்டியில பஞ்சு அடைச்சு வேதாளம் தைச்சாச்சு. முதுகுல ஏத்தினா தலை ஒரு பக்கமா சாயுது, கால் ரெண்டும் அவர் முட்டியில இடிக்குது. பேக்பேக் வார் வச்சுத் தைச்சா நிக்குமா? தையல் தெரிஞ்சவங்க சொல்லுங்க, ப்ளீஸ்.