ஊத்தாமலே ஆயில் மேக்ஸ் கோட்டைத் தாண்டி நிக்குது, காலைல கிளம்பணும், உதவி பண்ணுங்க

மழைச்சாரல்77 | இரவு 9.10
எல்லாருக்கும் வணக்கம். காலைல அஞ்சு மணிக்குக் குடும்பத்தோட கிளம்பறோம், போக மட்டுமே 300 கி.மீ. எதுக்கும் ஆயில், தண்ணி, காத்து பாத்துடலாம்னு பானெட்டைத் திறந்தேன். டிப்ஸ்டிக்ல, அதான் ஆயில் மட்டம் பாக்கற கோல்ல, மேக்ஸ் கோட்டுக்கு மேல ஒரு விரல் அகலத்துக்கு ஆயில் நிக்குது. துடைச்சு துடைச்சு மூணு தடவை பாத்துட்டேன், அதே அளவுதான். சர்வீஸ் விட்டு எடுத்தப்ப சரியா இருந்துச்சு. அதுக்கப்புறம் நான் ஒரு சொட்டுகூட ஊத்தல. இப்படியே எடுத்துட்டுப் போலாமா? சீக்கிரம் சொல்லுங்க.

சக்கரம் | இரவு 9.14
பெட்ரோலா டீசலா? எந்த வருஷ வண்டி? சர்வீஸ் விட்டு எத்தனை கி.மீ. ஆச்சு? இதெல்லாம் தெரியாம என்ன சொல்றது?

ஸ்பேனர்12 | இரவு 9.15
வண்டி சமதரைல நிக்குதா? சரிவுல நின்னா கோல் கூடவும் காட்டும், குறைச்சும் காட்டும். எஞ்சினை நிறுத்தி எவ்வளவு நேரம் கழிச்சுப் பாத்தீங்க?

நான்காம் கியர் | இரவு 9.21
ஹெட் கேஸ்கெட், அதான் எஞ்சின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கற சீல், போயிடுச்சு. கூலன்ட் ஆயில்ல இறங்குது, அதான் மட்டம் ஏறுது. எனக்கு அப்படியே நடந்துச்சு. நானும் "கூடத்தானே இருக்கு, குறையலையே"ன்னு விட்டுட்டு ஒரு வாரம் ஓட்டினேன். பேரிங் தேய்ஞ்சு எஞ்சினையே இறக்கிப் பிரிச்சாங்க. தயவுசெஞ்சு ஸ்டார்ட் பண்ணாதீங்க.

ஸ்பேனர்12 | இரவு 9.24
கியர், நிறம் தெரியாம கேஸ்கெட்னு எப்படி முடிவு பண்றது? கூலன்ட் கலந்தா ஆயில் வெளுத்து, சுண்ணாம்பு கலந்த சேறு மாதிரி ஆயிடும். கூலன்ட் டேங்கும் குறையணும். சாரல், ரெண்டையும் பாத்துச் சொல்லுங்க.

பழைய பிஸ்டன் | இரவு 9.33
இதே கேள்வி இங்கே எத்தனையோ முறை வந்துவிட்டது. பதிவிடும் முன் தேடிப் பார்த்திருந்தால் நேரம் மிச்சம். வண்டியின் கையேட்டில் ஆயில் பார்க்கும் முறை படத்தோடு இருக்கும், அதைப் பிரித்துப் பார்க்கும் பழக்கமே பலருக்கு இல்லை.

சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் விட வேண்டும், மேலே ஏறிய ஆயில் எஞ்சின் அடியில் உள்ள தொட்டியான சம்ப்புக்கு இறங்கட்டும். கோலை எடுத்து, பஞ்சு ஒட்டாத துணியால் துடைத்து, அடிவரை செருகி, மறுபடி எடுத்து இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். இரு பக்கமும் வேறு வேறாக இருந்தால் குறைவாகக் காட்டும் பக்கமே சரி, மற்றது குழாயின் சுவரில் இழுத்துக்கொண்டு வந்த ஆயில்.

உங்கள் வண்டியில் நடந்தது எளிது. பழைய ஆயில் முழுவதும் வடியும் முன்பே வடிகால் பிளக்கைப் பூட்டி, கையேட்டில் உள்ள முழு அளவையும் ஊற்றியிருக்கிறார்கள். "சரியா இருந்துச்சு" என்கிறீர்களே, சர்வீஸ் முடிந்த அன்று நீங்களே கோலை எடுத்துப் பார்த்தீர்களா? இல்லை, அவர்கள் சொன்னதை நம்பினீர்களா?

மழைச்சாரல்77 | இரவு 9.41
டீசல். 2021 மாடல். சர்வீஸ் விட்டு 4,000 கி.மீ. ஆச்சு. சமதரைதான். நிறுத்தி ரெண்டு மணி நேரம் ஆச்சு. நிறம் நல்ல கறுப்பு. கூலன்ட் டேங்க்ல ரெண்டு கோட்டுக்கு நடுவுல இருக்கு, குறையல. சர்வீஸ் முடிஞ்ச மறுநாள் நானேதான் பாத்தேன், மேக்ஸுக்குக் கொஞ்சம் கீழ இருந்துச்சு.

தனிவழி | இரவு 9.43
கறுப்பா இருக்குன்னா ஆயில் செத்துப்போச்சு. 4,000 கி.மீ.லயே கறுத்துடுச்சுன்னா மட்டமான ஆயில் ஊத்தியிருக்காங்க.

சக்கரம் | இரவு 9.47
டீசல்ல கறுப்பை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது தனிவழி. புது ஆயில் ஊத்தின சில நூறு கி.மீ.லயே கறுத்துடும். எஞ்சின்ல உண்டாகற கரியை ஆயில்ல இருக்கற டிடர்ஜென்ட் பிடிச்சு மிதக்க வெக்குது, அதுதான் அதோட வேலை. கறுக்காத டீசல் ஆயிலைப் பாத்தாத்தான் எனக்கு சந்தேகம் வரும்.

தனிவழி | இரவு 9.50
என் அப்பா 5,000 கி.மீ.க்கு ஒரு தடவை மாத்துவார். வண்டி இருபது வருஷம் ஓடுச்சு. இப்ப 15,000-ன்னு எழுதறதெல்லாம் வண்டி விக்கறவங்க கணக்கு.

சக்கரம் | இரவு 9.54
அப்பா ஓட்டினது பழைய மினரல் ஆயில். இப்ப வர்ற சிந்தடிக் அவ்வளவு சீக்கிரம் உடையாது. ஆனா ஒண்ணு, கையேட்டுலயே கடுமையான உபயோகம்னு தனியா ஒரு கணக்கு இருக்கும். தூசி, நெரிசல், பக்கத்துப் பக்கத்துலயே ஓட்டம், பாரம் இழுக்கறது, இதுல எது இருந்தாலும் குறைச்ச கி.மீ.லயே மாத்தச் சொல்லியிருப்பாங்க. நம்மள்ல நிறைய பேர் அந்தக் கணக்குலதான் வருவோம்.

எண்ணெய்க்கை | இரவு 10.02
சாரல், நான் தினமும் இந்த வேலைல இருக்கறவன். முதல்ல டிப்ஸ்டிக்கை எடுத்து மூக்குகிட்ட வெச்சு மோந்து பாருங்க. டீசல் வாடை வருதா?

ரெண்டாவது, தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுவீங்க? மூணாவது, கொஞ்ச நாளா டேஷ்போர்டுல மஞ்சள் விளக்கு ஏதாவது எரிஞ்சுதா, சைலன்சர் மாதிரி படத்துக்குள்ள புள்ளி புள்ளியா? வண்டியை அணைச்ச பிறகும் ரேடியேட்டர் ஃபேன் சத்தமா ஓடினது ஞாபகம் இருக்கா?

கையோட இன்னொண்ணு. வெள்ளைப் பேப்பர்ல கோல்லேர்ந்து ஒரு சொட்டு விட்டு அரை மணி நேரம் ஆடாம வைங்க. நடுவுல கறுப்பா நிக்கறது கரி. அதைத் தாண்டி வெளிய, பேப்பரை நனைச்சு வெளிச்சம் ஊடுருவற மாதிரி நிறமில்லாத ஒரு வளையம் அகலமா விரிஞ்சா, அது டீசல். இது கைவைத்தியம்தான், அளவு சொல்லாது, ஆனா இருக்கா இல்லையான்னு காட்டிக்கொடுக்கும்.

பழைய பிஸ்டன் | இரவு 10.08
கோலை மோந்து பார்த்து, பேப்பரில் சொட்டு விட்டு நேரம் கடத்துவானேன்? கூடுதலாக இருப்பதை டிப்ஸ்டிக் குழாய் வழியாக ஒல்லியான டியூப் விட்டு சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்தால் அரை மணியில் வேலை முடிந்தது. நடுக்கோட்டுக்குக் கொண்டு வாருங்கள், காலையில் கிளம்புங்கள். ஆயில் அளவுக்கு மேல் இருந்தால் எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் அதில் அடித்து நுரை கிளப்பும், பம்ப் காற்றை உறிஞ்சும், பிரஷர் விழும். அளவைக் குறைத்துவிட்டால் அந்த ஆபத்து இல்லை.

எண்ணெய்க்கை | இரவு 10.19
பிஸ்டன் அண்ணா, நுரை பத்தி நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி. சர்வீஸ்ல கூட ஊத்தியிருந்தா அந்த வைத்தியம் போதும். ஆனா அவர் மறுநாளே பாத்திருக்கார், அப்ப சரியா இருந்திருக்கு. அதுக்கப்புறம் தானா ஏறியிருக்கு. தானா ஏறினா அது ஆயில் இல்ல, வேற எதோ. அரை லிட்டர் உறிஞ்சி எடுத்தா கோடு சரியாயிடும், உள்ள மிச்சம் இருக்கறது அதே கலவைதானே?

30 கிரேடு ஆயில்னா 100 டிகிரி சூட்டுல குறைஞ்சது 9.3 சென்டிஸ்டோக்ஸ் (கெட்டித்தன்மையோட அலகு) கெட்டியா இருக்கணும். டீசல் அதைவிடப் பல மடங்கு நீர்த்தது. அது கலந்தா பேரிங்குக்கும் ஷாஃப்டுக்கும் நடுவுல நிக்கற படலம் மெலிஞ்சுடும். கோல்ல அளவு சரியா காட்டும், உள்ள இரும்பும் இரும்பும் உரசும்.

மழைச்சாரல்77 | இரவு 10.47
டீசல் வாடை நல்லாவே அடிக்குது. பேப்பர்ல நீங்க சொன்ன வளையம் வந்திருக்கு, கறுப்புப் பொட்டைவிட ரெண்டு மடங்கு அகலம். தினமும் பள்ளிக்கூடம், ஆபீஸ்னு போக 4 கி.மீ., வர 4 கி.மீ., அவ்வளவுதான். அந்த மஞ்சள் விளக்கு போன மாசம் ரெண்டு தடவை வந்துச்சு, தானா போயிடுச்சு, அதனால சொல்லணும்னு தோணல. வீட்டு வாசல்ல அணைச்ச பிறகு ஃபேன் ஓடினதும் உண்டு. இப்ப என்ன பண்றது?

எண்ணெய்க்கை | இரவு 11.05
விஷயம் இப்பத்தான் முழுசா தெரியுது. பொறுமையா படிங்க.

உங்க சைலன்சர் லைன்ல டிபிஎஃப்னு ஒரு வடிகட்டி இருக்கு, புகைக்கரியைப் பிடிச்சு வெக்கும். அது நிறைஞ்சதும் வண்டி தானே அதைச் சுட்டுச் சுத்தம் பண்ணும், ரீஜென்னு சொல்லுவோம். அதுக்கு வடிகட்டிக்குள்ள சூடு 600 டிகிரி பக்கம் போகணும். அந்தச் சூட்டுக்காக உங்க மாதிரி வண்டிகள்ல பிஸ்டன் வேலை முடிஞ்சு இறங்கற நேரத்துல சிலிண்டருக்குள்ள கொஞ்சம் டீசலைத் தெளிப்பாங்க. எல்லாம் எரிஞ்சு வெளிய போயிடாது. கொஞ்சம் சிலிண்டர் சுவர்ல ஒட்டி, ரிங்கைத் தாண்டி சம்ப்புல இறங்கும். நீண்ட ஓட்டத்துல ரீஜென் ஒரே மூச்சுல முடிஞ்சுடும். உங்களுக்கு அது சூடு பிடிக்கறதுக்குள்ள வீடு வந்துடுது, பாதில அணைக்கறீங்க. அடுத்த நாள் மறுபடி முதல்லேர்ந்து. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் டீசல் கீழ இறங்குது. பெட்ரோலா இருந்தா ஆயில் சூடாறப்ப ஓரளவு ஆவியாயிடும், டீசல் அவ்வளவு சுலபமா போகாது. ஃபேன் ஓடினது பாதில நின்ன ரீஜென்னோட சூடு.

காலைல எடுக்காதீங்க. 300 கி.மீ. போனா வடிகட்டி சுத்தமாயிடும்னு யாராவது சொல்வாங்க, ஆயிலை மாத்தின பிறகு அது சரி, இப்ப இல்ல. மட்டம் இவ்வளவு ஏறினா ஆயில் எஞ்சினோட மூச்சுக்குழாய் வழியா காத்து போற பாதைக்குப் போய், எஞ்சின் அதையே எரிக்க ஆரம்பிக்கலாம். டீசல் எஞ்சினுக்கு ஸ்பார்க் கிடையாது. சாவியைத் திருப்பினாலும் அது நிக்காம, ஆக்சிலரேட்டர் அழுத்தாமலே சுத்திக்கிட்டுப் போகும். நான் ஒரு தடவை கண்ணால பாத்தேன். ஷெட்டு முழுக்க வெள்ளைப் புகை, சத்தம் ஏறிக்கிட்டே போச்சு. டாப் கியரைப் போட்டு, பிரேக்கை மிதிச்சு கிளட்சை விட்டுத்தான் அமுக்கினோம். உங்களுக்கு அப்படி ஆகும்னு சொல்லல. குழந்தைங்களை வெச்சுக்கிட்டு அந்த வாய்ப்பையே எடுக்க வேண்டாம்.

ஆயிலும் ஃபில்டரும் ரெண்டும் மாத்துங்க. எஞ்சின் வெதுவெதுன்னு இருக்கறப்ப வடிச்சாத்தான் முழுசா இறங்கும், அதுக்கு ரெண்டு நிமிஷம் ஐட்லிங் போதும். வடிஞ்சதை அளந்து பாருங்க. டிரெயின் பிளக் வாஷர் புதுசு போடுங்க. பழைய ஃபில்டரோட ரப்பர் வளையம் எஞ்சின்லயே ஒட்டிக்கிட்டு நிக்கும், விரலால தடவிப் பாருங்க. அது தெரியாம புதுசை மாட்டி, ஸ்டார்ட் பண்ணினதும் ஆயில் பீச்சினதைப் பாத்திருக்கேன். கையேட்டு அளவுல அரை லிட்டர் குறைச்சு ஊத்தி, ஒரு நிமிஷம் ஓட்டி அணைச்சு, பத்து நிமிஷம் கழிச்சுப் பாத்து மிச்சத்தை ஊத்துங்க. ஃபில்டர் குடிக்கற ஆயில் அப்பத்தான் கணக்குல வரும். ஆயில் டின்ல சாம்பல் கம்மியான வகையான்னு பாருங்க, கையேட்டுல ஏசிஇஏங்கற ஐரோப்பியத் தரத்துல சி2, சி3-ன்னு போட்டிருக்கும். வேற ஆயில் ஊத்தினா அதோட சாம்பல் டிபிஎஃப்ல தங்கிடும், அந்தச் சாம்பல் எத்தனை ரீஜென்னுக்கும் எரியாது. கடைசியா, வண்டிக் கம்ப்யூட்டர்ல ஆயில் கவுன்ட்டரை ரீசெட் பண்ணச் சொல்லுங்க.

பழைய பிஸ்டன் | இரவு 11.16
4 கி.மீ. ஓட்டம், மஞ்சள் விளக்கு இரண்டையும் முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் நானும் சிரிஞ்ச் சொல்லியிருக்க மாட்டேன். விவரம் இல்லாமல் கேட்டால் விவரம் இல்லாத பதில்தான் வரும்.

சக்கரம் | இரவு 11.20
அவசரத்துல எழுதினவர்கிட்ட இப்ப அதைச் சொல்லிக் காட்டணுமா அண்ணா? தானா அணைஞ்ச விளக்கை யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க. கேட்டு வாங்கறதுக்குத்தானே நாம இருக்கோம்.

நான்காம் கியர் | இரவு 11.24
கேஸ்கெட்னு சொன்னது தப்பு. ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு சொன்னதுல வருத்தம் இல்ல.

தனிவழி | இரவு 11.31
இப்பவாவது ஒத்துக்கோங்க, 5,000-க்கு மாத்தியிருந்தா இந்தப் பிரச்சினையே வராது.

சக்கரம் | இரவு 11.36
4,000-லயே வந்துடுச்சே தனிவழி. இங்க கி.மீ. இல்ல விஷயம், ஓட்டற விதம்.

மழைச்சாரல்77 | மூணு நாள் கழிச்சு, மாலை 6.40
மன்னிக்கணும், வேலை அலைச்சல்ல எழுத முடியல. பயணத்தை ஒரு நாள் தள்ளிப்போட்டோம். ஆயிலும் ஃபில்டரும் மாத்தியாச்சு. கையேட்டுல 5.2 லிட்டர், வடிஞ்சது 6.2. தண்ணி மாதிரி கொட்டுச்சு. ரீசெட் பண்ணியாச்சு. அப்புறம் ஊருக்குக் கிளம்பி, நாலாவது கியர்லயே ரெண்டு மணி நேரம் சீரா ஓட்டினோம். நேத்து வந்து பாத்தேன், கோல்ல ரெண்டு கோட்டுக்கு நடுவுல நிக்குது. எண்ணெய்க்கை அண்ணாவுக்கு ரொம்ப நன்றி.

எண்ணெய்க்கை | மாலை 7.05
சந்தோஷம். வாரத்துல ஒரு நாள் அரை மணி நேரமாவது ஹைவேல விடுங்க. வாசல்ல நிறுத்தறப்ப ஃபேன் ஓடினாலோ, ஐட்லிங் வழக்கத்தைவிட ஏறியிருந்தாலோ ரீஜென் நடக்குதுன்னு அர்த்தம், அணைக்காம இன்னும் பத்து இருபது நிமிஷம் ஒரு சுத்து போயிட்டு வாங்க. 500 கி.மீ. ஆனதும் மறுபடி கோலை எடுத்துப் பாத்து, எங்க நிக்குதுன்னு இங்க எழுதுங்க.