டாக் மாத்தினா சத்தம் நிஜமாவே மாறுதா, இல்ல காதுல பூவா?

கோவை இயர்போன்:
எல்லாருக்கும் வணக்கம். விண்டோஸ் 11 லேப்டாப்ல ஆப்பிளோட யுஎஸ்பி-சி டாங்கிள் (சின்ன டாக், அதாவது டிஜிட்டல் ஃபைல ஹெட்போனுக்கான சிக்னலா மாத்தற சாதனம்) போட்டு பேயர்டைனமிக் டிடி 990 (250 ஓம்) ஹெட்போன்ல கேக்குறேன். பாட்டெல்லாம் பழைய சிடில இருந்து நானே ரிப் பண்ண ஃப்ளாக் (தரம் குறையாம சுருக்கின) ஃபைலுங்க. போன வாரம் ஃப்ரெண்டு வீட்ல அவனோட டெஸ்க்டாப் டாக்-ஆம்ப்ல (டாக்கும், சிக்னல பெருசாக்கற ஆம்ப்பும் சேந்த பொட்டி) அதே ஹெட்போன சொருகி கேட்டேன், 12,000 ரூபாயாம். பாஸ் நல்லா கீழ இறங்குது, தபேலால விரல் படுற இடம் கூட தனியா தெரியுது. சத்தத்த காதாலயே ரெண்டுலயும் சமமா வச்சுதான் கேட்டேன். வாங்கலாமா? அந்த டாக் சிப்போட மகிமையா இல்ல வேற எதாச்சுமா?

மல்டிமீட்டர் மாமா:
"காதாலயே சமமா வச்சேன்"ங்கறீங்க பாருங்க தம்பி, வியாதியே அங்கதான் இருக்கு. காதால வச்சா அரை டிபி (டெசிபல், சத்தத்தோட அளவு) ஒரு டிபி முன்னபின்ன ஆகும், உங்களுக்கே தெரியாது, அந்த அரை டிபி கூட இருக்கறது "சத்தம் ஜாஸ்தி"ன்னு கேக்காது, "தெளிவா இருக்கு, பாஸ் இறங்குது"ன்னுதான் கேக்கும். சத்தம் கூடக்கூட காது பாஸ அதிகமா எடுத்துக்கும், இது 1933லயே ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு பேரு அளந்து வச்ச சங்கதி.

கடைல கிடைக்கிற சாதா மல்டிமீட்டர் போதும். 60 ஹெர்ட்ஸ் டோன் ஒன்ன பிளே பண்ணுங்க. 1000 ஹெர்ட்ஸ் வேணாம், மலிவு மீட்டரெல்லாம் வீட்டு கரண்டு அளக்க செஞ்சது, மேல போகப்போக ஏசி வோல்ட்ட தப்பா காட்டும். ஸ்ப்ளிட்டர் போட்டு ஹெட்போன் சொருகினபடியே அளங்க, ஏன்னா லோடு ஏறினா சில ஆம்ப்ல வோல்டேஜ் இறங்கும். ரெண்டுக்கும் நடுவுல 1 பர்சன்ட் வித்தியாசம்னா அது 0.1 டிபி கிட்ட, அதுக்குள்ள கொண்டு வந்துட்டு அப்புறம் பேசுங்க.

ரீல் டேப்:
வந்துட்டாருப்பா மாமா மீட்டரோட. சார், மீட்டர் என்னிக்கு சார் பாட்டு கேட்டுச்சு? நான் ஆர்டூஆர் நாஸ் டாக் (ரெசிஸ்டர் அடுக்கி செஞ்ச பழைய பாணி டாக்) வச்சிருக்கேன், உங்க ஆளுங்க போடற சைனாட் (இரைச்சலும் சிதைவும் எவ்ளோ கம்மின்னு அளக்கறது) பட்டியல்ல அது கடைசி பெஞ்சு. பட்டியல்ல மேல இருக்கற 120 டிபி டாக்கும் எங்கிட்ட இருந்துச்சு, வித்துட்டேன். அதுல குரல் எல்லாம் வறண்டு கிடக்கும், ஒரு மணி நேரத்துல காது அலுத்துடும், இதுல ராத்திரி பூரா கேக்கலாம். இத எந்த முள்ளு காட்டும்? தம்பி, உங்க காது சொல்றத நம்புங்க.

மல்டிமீட்டர் மாமா:
முள்ளு நல்லாவே காட்டும் ரீல் சார். நாஸ்ல சாம்பிள்கள பெருக்கி அலைய சீராக்கற ஓவர்சாம்ப்ளிங் ஃபில்டர் கிடையாது, அதனால 44.1 கிலோஹெர்ட்ஸ் (சிடியோட சாம்பிள் வேகம்) ஃபைல் போட்டா 10 கிலோஹெர்ட்ஸ்ல முக்கால் டிபி, 20 கிலோஹெர்ட்ஸ்ல 3 டிபிக்கு மேலயே தானா சரியும். உங்களுக்கு மேல்ஸ்தாயி கொஞ்சம் அடங்கினது புடிச்சிருக்கு, அவ்ளோதான். புடிக்கறது தப்பே இல்ல. ஆனா அந்த "இதம்" இலவச ஈக்வலைசர்ல ஒரு ட்ரெபிள் சரிவு வச்சாலே வந்துரும், அதுக்குப் போயி சம்பளத்த கொட்டணுமா? அதுவும் டிடி 990 மேல்ஸ்தாயி தூக்கலா இருக்கற ஹெட்போன், இந்தப் பையனுக்கு முதல்ல வேண்டியதே ஈக்வலைசர்.

பாஸ் கம்மி:
நடுவுல பூந்துக்கறேன். விண்டோஸ்ல சவுண்ட் செட்டிங்ஸ்ல அந்த டாங்கிள தொட்டு ஃபார்மேட் என்னன்னு பாத்தீங்களா ப்ரோ? பெரும்பாலும் 48 கிலோஹெர்ட்ஸ்ல உக்காந்திருக்கும், உங்க சிடி ரிப் 44.1, அப்போ விண்டோஸ் மிக்சர் எல்லாத்தையும் ரீசாம்பிள் பண்ணி, அதாவது வேற வேகத்துக்கு மாத்திதான் அனுப்பும். ஃபூபார் பிளேயர்ல வாசாபி எக்ஸ்க்ளூசிவ் (டாக்க அந்த ஒரு பிளேயருக்கு மட்டும் குடுக்கற வழி) போட்டா மிக்சர் ஒதுங்கிக்கும், நடுவுல வாட்ஸ்அப் "டிங்"கும் வராது, அதுவே பாதி நிம்மதி. "ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்"னு ஒன்னு இருக்கும், மொதல்ல அத ஆஃப் பண்ணுங்க, நிறைய பேர் லேப்டாப்ல கம்பெனிக்காரன் வச்ச ஈக்வலைசர் ஓடிட்டே இருக்கும், அத கேட்டுட்டு டாக்குக்கு விமர்சனம் எழுதுவாங்க.

இன்னொன்னு, காது கிழியற மாதிரி மாஸ்டர் பண்ண புதுப் பாட்டுல ரெண்டு சாம்பிளுக்கு நடுவுல அலை ஃபுல் ஸ்கேல (டிஜிட்டலோட உச்சத்த) தாண்டும், சில டாக் அங்க கிளிப் ஆகும், அதாவது அலையோட உச்சி வெட்டுப்படும். பிளேயர்ல 3 டிபி கம்மி பண்ணிட்டு அந்த அளவ ஆம்ப்ல ஏத்திக்குங்க. காசு செலவே இல்ல.

ரீல் டேப்:
ஜிட்டர் (க்ளாக்கோட நேரம் முன்னபின்ன ஆடறது) பத்தி யாருமே வாய தொறக்கல பாத்தீங்களா. கம்ப்யூட்டர் யுஎஸ்பி குப்பை சார், எத்தன டாஸ்க் ஓடுது உள்ள, அந்த க்ளாக்க நம்பி பாட்டு ஓட்டறதா?

மல்டிமீட்டர் மாமா:
யாரு நம்பறா? 2010க்கு முன்னாடி அடாப்டிவ் யுஎஸ்பி டாக்ல நீங்க சொல்றது நியாயம், கம்ப்யூட்டர் அனுப்பற வேகத்துக்கு டாக் ஓடிச்சு. வேவ்லெங்த் ஆடியோவோட கார்டன் ரேங்கின் அசிங்க்ரனஸ் முறைய ஹைஃபைக்குள்ள பிரபலமாக்கினதுக்கு அப்புறம் கதை மாறிப்போச்சு. க்ளாக் டாக் உள்ள இருக்கு, அது "இன்னும் கொஞ்சம் அனுப்பு, போதும் நிறுத்து"ன்னு சொல்லும், கம்ப்யூட்டர் கேட்டு நடக்கும். இன்னிக்கு சில ஆயிரத்துக்கு கிடைக்கற டாக்லயே ஜிட்டர் காது எட்டாத ஆழத்துல கிடக்கு.

ரீல் டேப்:
காது எட்டாதுன்னு யாரு முடிவு பண்ணா? 2016ல ஜோஷுவா ரைஸ் 18 ஆய்வுகள சேத்து 12,500க்கும் மேல ட்ரையல்கள அலசி, ஹைரெஸ்ஸ (சிடிய விட உயர்ந்த தர ஃபார்மேட்ட) ஜனங்க கண்டுபுடிக்கறாங்கன்னு எழுதினாரே, பயிற்சி கொடுத்தவங்க இன்னும் நல்லா கண்டுபுடிச்சாங்கன்னும் இருக்கு. பயிற்சி இல்லாத காத வச்சு டெஸ்ட் எடுத்துட்டு "வித்தியாசமே இல்ல"ன்னா எப்புடி?

மல்டிமீட்டர் மாமா:
படிச்சவருதான் நீங்க, அப்போ மொத்த சரி விடை 52.3 பர்சன்ட்னு போட்டிருக்கறதயும் சொல்லிருக்கணும். காசு சுண்டினாலே 50. 2007ல மேயர், மோரன் ரெண்டு பேரும் ஹைரெஸ் வழியில 16 பிட் சிடி தரத்த நுழைச்சுப் பாத்தப்போ 554ல 276 சரி, அதாவது சுத்தமா காசு சுண்டல். அதுல சில டிஸ்க்கே நிஜ ஹைரெஸ் இல்லன்னு பின்னாடி குறை சொன்னாங்க, ஒத்துக்கறேன். ஆனா சார், இதெல்லாம் ஃபார்மேட்டுக்கு ஃபார்மேட். நீங்க சொல்ற "ஒரு மணி நேரத்துல காது அலுத்துடும்"கற அளவு மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இதுல எங்க இருக்கு?

கோவை இயர்போன்:
அண்ணே, ரெண்டு பேரும் சண்டைய கொஞ்சம் நிறுத்துங்க. மாமா சொன்ன மாதிரி அளந்தேன், டாங்கிள் ஃபுல் வால்யூம்ல 1 வோல்ட் கிட்ட காட்டுது. பழைய சிடிக்கு எப்பவுமே 100லதான் வச்சுக் கேக்கறேன். இன்னொரு தொல்லை, டாங்கிள்ல இருந்து பவர்டு ஸ்பீக்கருக்கு வயர் போட்டா "ம்ம்ம்"னு ஒரு இரைச்சல், மவுஸ் நகத்தினா "கிர்ர்"னு வேற, சார்ஜர புடுங்கினா நின்னுடுது.

ரீல் டேப்:
பாத்தீங்களா மாமா, கேட்டீங்களா! கம்ப்யூட்டர் குப்பை வயர்ல வருதுன்னு நான் சொன்னப்போ சிரிச்சீங்க.

மல்டிமீட்டர் மாமா:
சிரிச்சது ஜிட்டருக்கு. இது எர்த் லூப் (சாதனங்களோட எர்த் வழியா சுத்தற கரண்டு), டாக் சிப்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, லட்ச ரூபா டாக்க அதே யுஎஸ்பில மாட்டினாலும் இதே "ம்ம்ம்" வரலாம். சார்ஜரும் ஸ்பீக்கரும் வேற வேற பிளக்ல இருந்தா முதல்ல ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல போடுங்க. போகலன்னா ஆப்டிகல் இன்புட் இருக்கற டாக் வாங்கி ஆப்டிகல்ல ஓட்டுங்க, அதுல வெளிச்சம்தான் போகும், கரண்டு வராது, ஆனா உங்க லேப்டாப்ல ஆப்டிகல் அவுட் இருக்காது, ஒரு சின்ன யுஎஸ்பி-ஆப்டிகல் கன்வர்ட்டர் வேணும். ரெண்டு மூணு பேரு யுஎஸ்பி ஐசொலேட்டர் (நடுவுல கரண்டுத் தொடர்ப துண்டிக்கற பொட்டி) வாங்கச் சொல்லுவாங்க, வாங்கறதுக்கு முன்னாடி உள்ள என்ன சிப்புன்னு பாருங்க. ஏடியுஎம் 4160ன்னா அது 12 மெகாபிட் வேகத்தோட நின்னுடும், 24 பிட் 96க்கு மேல போகாது, சில டாக் அதுல கண்ணே தொறக்காது.

எந்தக் காரணம் கொண்டும் மூணு பின் பிளக்ல எர்த் பின்ன உடைச்சுட்டு "ஹம் போச்சு"ன்னு சந்தோஷப்படாதீங்க. அந்த ஐடியா குடுக்கறவன் வீட்டுக்கே போகாதீங்க.

பாஸ் கம்மி:
ஹெட்போன் கணக்கு இது. 250 ஓம்ல 1 வோல்ட்னா 4 மில்லிவாட், டிடி 990 ப்ரோ 1 மில்லிவாட்டுக்கு 96 டிபி, அப்போ உச்சத்துல 102 டிபி. மெதுவா மாஸ்டர் பண்ண பழைய சிடில சராசரி அதுக்கு 18, 20 டிபி கீழ இருக்கும். அதான் ப்ரோ 100ல வச்சும் போதல. ஃப்ரெண்டு ஆம்ப்ல நீங்க கேட்ட பாஸ் இதான்னு என் கணிப்பு. உங்களுக்கு குறையறது ஆம்ப், டாக் இல்ல. இதே டாங்கிள ஒரு நல்ல ஹெட்போன் ஆம்புக்கு குடுங்க, மிச்ச காசுக்கு சிடி வாங்குங்க.

ரீல் டேப்:
ஆம்ப் வேணும்கறதுல எனக்கும் ஆட்சேபணை இல்ல. ஆனா டாங்கிள அதுக்கு முன்னாடி வைக்கச் சொல்றது அநியாயம். மாமா, ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வாங்க. என் நாஸ், உங்க டாங்கிள், கண்ணக் கட்டி விடுங்க, சொல்லிக் காட்டறேன்.

மல்டிமீட்டர் மாமா:
நாஸ கண்டுபுடிக்கறது பெரிய விஷயமே இல்ல, 3 டிபி சரிவு சின்னப் பசங்க காதுக்கே கேக்கும். நீங்க வித்தேன்னு சொன்னீங்களே 120 டிபி டாக், அந்த ரகம் ஒன்னு நான் கொண்டு வரேன், அதுக்கும் டாங்கிளுக்கும் நடுவுல சொல்லுங்க. 16 தடவ, 12 சரின்னா ஒத்துக்கறேன், குத்துமதிப்பா அடிச்சா 12ஓ அதுக்கு மேலயோ வர 4 பர்சன்ட்தான் சான்ஸ். வோல்டேஜ் சமம் பண்றது நான்.

ரீல் டேப்:
பாட்டு நான் எடுப்பேன். 15 செகண்ட் துண்டு துண்டா கேக்க மாட்டேன், முழுப் பாட்டு, ஒவ்வொன்னுக்கும் நடுவுல காபி.

பாஸ் கம்மி:
16 முழுப் பாட்டு, ரெண்டு ரெண்டு தடவ, நடுவுல காபி, அப்போ சனிக்கிழமையே ஆரம்பிக்கணும். ஸ்விட்ச் பொட்டி எங்கிட்ட இருக்கு, ஆனா அதுல ஒரு பக்கம் மாத்தறப்போ மட்டும் "டிக்"னு ரிலே சத்தம் வரும், ரீல் சார் அத வச்சே 16க்கு 16 அடிச்சுடுவாரு. வேற பொட்டி யாராச்சும் வச்சிருந்தா சொல்லுங்க.