லினக்ஸின் மையமான கர்னல் ஓடுகிறது, ஆனால் டிஸ்க்கைக் காணோம் என்கிறது. பூட் ஆகும்போது உள்ளே என்ன நடக்கிறது?

கேள்வி:
டெபியன் இருந்த பழைய டிஸ்க்கின் கோப்புகளை ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி வழியாகப் புது எஸ்எஸ்டிக்கு நகலெடுத்து, பூட் லோடரான கிரப்பை நிறுவ கிரப்-இன்ஸ்டாலும் ஓட்டியாயிற்று. பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டேன். கிரப் மெனு வருகிறது, கர்னல் வரிகள் ஓடுகின்றன. பிறகு "அலர்ட்! யூயூஐடி... டஸ் நாட் எக்ஸிஸ்ட்" (அந்த யூயூஐடி, அதாவது கோப்பு முறைமையின் அடையாள எண், இல்லை) என்று சொல்லி இனிட்ராம்எஃப்எஸ் பிராம்ப்ட்டில் நின்றுவிடுகிறது. கர்னலே அந்த டிஸ்க்கிலிருந்துதானே வந்தது? அப்புறம் எப்படி டிஸ்க் இல்லை என்கிறது?

மறுமொழி 1:
கர்னலை டிஸ்க்கிலிருந்து எடுத்துவந்தது கிரப். அதற்கு டிஸ்க் டிரைவர் தேவையில்லை. மதர்போர்டின் பயோஸ் அல்லது யூஇஎஃப்ஐ தரும் வசதியை வைத்தே படித்துவிடும். அப்படி இரண்டு கோப்புகளை ரேமில் ஏற்றுகிறது: கர்னல், இனிட்ராம்எஃப்எஸ். கூடவே ரூட் (சிஸ்டம் முழுவதும் இருக்கும் பார்ட்டிஷன்) எது என்று சொல்லும் 'ரூட்=யூயூஐடி=...' என்ற வரியையும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

இதற்குமேல் கர்னல் தன் சொந்த டிரைவரால்தான் டிஸ்க்கைத் தொட முடியும். அந்த டிரைவர் மாட்யூல்களோ ரூட் பார்ட்டிஷனுக்குள் இருக்கின்றன. ரூட்டை மவுண்ட் செய்யவே (இணைக்கவே) அவை வேண்டும். இந்தச் சிக்கலுக்காகத்தான் இனிட்ராம்எஃப்எஸ். ரேமில் விரியும் அந்தக் குட்டிக் கோப்பு முறைமை டிரைவர்களை ஏற்றி, சொன்ன யூயூஐடி வரும்வரை காத்திருந்து, ரூட்டை மவுண்ட் செய்து, மற்ற சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்டியிடம் ஒப்படைக்கும். பிராசஸ் எண் 1 அதுதான். நீங்கள் நிற்பது இதற்கு ஒரு படி முன்னால்.

அந்த பிராம்ப்ட்டில் 'கேட் /ப்ராக்/சிஎம்டிலைன்', பிறகு 'பிஎல்கேஐடி' கொடுங்கள். முதலாவது கிரப் கொடுத்த வரியைக் காட்டும்; இரண்டாவது கண்ணில் படும் பார்ட்டிஷன்களின் சாதனப் பெயரையும் யூயூஐடியையும் காட்டும். எஸ்எஸ்டி தெரிந்து, யூயூஐடி மட்டும் வேறு என்றால் காரணம் எளிது: புதிதாக ஃபார்மேட் செய்தால் புது யூயூஐடி, நகலெடுத்த கிரப் கான்ஃபிகில் இருப்பது பழையது. எஸ்எஸ்டியே தெரியவில்லை என்றால் டிரைவர் இல்லை. இனிட்ராம்எஃப்எஸ் கான்ஃபிகில் 'மாட்யூல்ஸ்=டெப்' என்றிருந்தால் பழைய வன்பொருளுக்கானது மட்டுமே உள்ளே போயிருக்கும்; 'மோஸ்ட்' ஆக்கி மறுபடி உருவாக்க வேண்டும்.

முதல் வகை என்றால் கிரப் மெனுவில் 'இ' அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியில் யூயூஐடிக்குப் பதில் சாதனப் பெயரைப் போட்டு எஃப்10. உள்ளே போனதும் முதலில் மவுண்ட் பட்டியலான எஃப்எஸ்டேப்பைத் திருத்துங்கள், பிறகு 'அப்டேட்-கிரப்'. எஃப்எஸ்டேப்பில் பழைய யூயூஐடி இருப்பதால் ரூட் படிக்க மட்டும் என்ற நிலையில் நிற்கலாம். ரீமவுண்ட் கட்டளையில் சாதனப் பெயரையும் சேர்த்துக் கொடுத்தால் எழுத விடும்.

மறுமொழி 2:
கிரப்-இன்ஸ்டால் ஓட்டியது நல்லதாயிற்று. பயோஸ் முறையில் முதல் செக்டார் 512 பைட். அதில் 446 பைட் நிரலுக்கு, 64 பார்ட்டிஷன் அட்டவணைக்கு, கடைசி 2 அடையாளத்துக்கு. 446 பைட்டில் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையைப் படிக்கும் நிரலெல்லாம் அடங்காது. அதனால் கிரப்பின் அடுத்த பகுதி பார்ட்டிஷன்களுக்கு வெளியே ஒளிந்திருக்கும். கோப்பு கோப்பாக நகலெடுத்தால் அது வராது. யூஇஎஃப்ஐயில் வேறு கதை: எதை ஓட்ட வேண்டும் என்ற பூட் பதிவு மதர்போர்டில் இருக்கிறது, டிஸ்க்கில் இல்லை.

கேள்வி கேட்டவர்:
யூயூஐடிதான் வேறு. மாற்றியதும் பூட் ஆகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் அரை நிமிடம் சும்மா நின்றுவிட்டுத்தான் தொடர்கிறது.

மறுமொழி 1:
"கேவ் அப் வெயிட்டிங் ஃபார் சஸ்பெண்ட்/ரெஸ்யூம் டிவைஸ்" என்று வருகிறதா? பழைய ஸ்வாப்பின் (ரேமுக்குத் துணையான டிஸ்க் பகுதி) யூயூஐடி இனிட்ராம்எஃப்எஸுக்குள் இன்னும் இருக்கிறது. 'கான்ஃப்.டி' அடைவில் உள்ள 'ரெஸ்யூம்' கோப்பில் புது ஸ்வாப்பின் யூயூஐடியைப் போடுங்கள்; ஹைபர்னேட் (ரேமை ஸ்வாப்பில் சேமித்து அணைப்பது) பயன்படுத்துவதில்லை என்றால் 'ரெஸ்யூம்=நன்'. பிறகு 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ'. தாமதம் 90 நொடி என்றால் அது சிஸ்டம்டி காத்திருப்பது. எஃப்எஸ்டேப்பில் இன்னொரு பழைய வரி மிச்சமிருக்கிறது.